நான் அனுப்பிய அளவு ஜாக்கெட்

மகளுக்குக் கூறைப்புடவை எடுத்த மாப்பிள்ளை வீட்டார், ஜாக்கெட்டையும் தாங்களே தைத்துத் தருவதாகச் சொல்லி அளவு ஜாக்கெட் கேட்டார்கள். மகள் பருமன். சம்பந்தியம்மா அதை விரித்துப் பார்ப்பாரே என்று கூசி, அவளுடைய கல்லூரிக்கால ஜாக்கெட்டை அவளுக்குத் தெரியாமல் அனுப்பினேன்.

மன்னார்குடி மண்டபத்தில், முகூர்த்த நேரத்தில், புது ஜாக்கெட் அவள் முழங்கையைத் தாண்டவில்லை.

“டெய்லர் தப்பா தைச்சுட்டார் போல,” என்றேன்.

“நீங்க குடுத்த அளவுதாங்க,” என்று சம்பந்தியம்மா அந்தப் பழைய ஜாக்கெட்டை நீட்டினார்.

மகள் அதை அடையாளம் கண்டுகொண்டாள். “நான் குண்டுன்னு அவங்களுக்குத் தெரியாதாம்மா? பாத்துட்டுத்தானே கேட்டு வந்தாங்க?”

நிச்சயதார்த்தப் பச்சை ஜாக்கெட் பெட்டியில் இருந்ததால் தப்பித்தோம். அட்சதை போடும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

தலைதீபாவளிக்கு அவளையே தையற்கடைக்கு அழைத்துப்போனேன். கூட்டத்துக்கு நடுவே டெய்லர் அளவை உரக்கச் சொன்னார். “இன்னும் கொஞ்சம் லூசா வைங்க,” என்று நானும் உரக்கவே சொன்னேன்.