ரூட்டம்மாவின் இரண்டாவது டிஸ்க்

பணிப்பதிவேடு அவரை இப்படி வர்ணிக்கிறது: ‘தட்டச்சர், நிலை மூன்று. அமைதியான சுபாவம். சொன்னதைச் செய்வார். சுயமாக முடிவெடுக்கும் பொறுப்புகளுக்கு ஏற்றவர் அல்லர்.’ எழுதியவர் நேர்மையானவர்தான். ஒரே குறை, அவர் ரூட்டம்மாவைப் பார்த்ததில்லை.

யூனிக்ஸ் இயந்திரங்கள் தங்கள் எஜமானரை ‘ரூட்’ என்றுதான் அழைக்கும். மருத்துவமனை ரத்த வங்கிக்கு அப்படியொரு சர்வர் வந்திறங்கிய அன்று, பத்து விரலாலும் டைப் அடிக்கத் தெரிந்த இன்னொருவர் விடுப்பில் இருந்தார். அதனால் அது இவர் தலையில் விழுந்தது. பதினான்கு வருடங்களாக அதைக் கட்டி மேய்க்கிறார். பேரும் ஒட்டிக்கொண்டது.

சர்வரில் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும். ஒன்று செத்தால் மற்றது குடும்பத்தைக் காப்பாற்றும் என்பது ஏற்பாடு. ஒரு நாள் இரண்டாவது டிஸ்க் மண்டையைப் போட்டது. கம்பெனி இன்ஜினியர் வந்து புதியதைச் சொருகினார், நூறு சதவீதம் நகலாகும்வரை கொட்டாவி விட்டார், பையைத் தூக்கினார்.

“தம்பி, நாளைக்கு முதல் டிஸ்க் போச்சுன்னா இதுலேர்ந்து பூட் ஆகுமா?”

“மிரர்தானே மேடம். அதே முகம்தானே தெரியும்.”

“ஒருதடவ ஆஃப் பண்ணிப் பாத்துடலாமே.”

தலைமை மருத்துவர் சம்மதிக்கவில்லை. “பத்து நிமிஷமா? அதுக்குள்ள எவனாவது போய்ச் சேந்தா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?” உயிர்கள்மீது அவருக்கு அவ்வளவு அக்கறை.

ஆனால் இந்தக் கண்ணாடிக்கு ஓர் ஓரவஞ்சனை உண்டு. டிஸ்க்கின் தலைமாட்டில் ஒரு சின்ன இடம். இயந்திரம் கண் விழித்ததும் முதலில் படிப்பது அதைத்தான். பூட் பிளாக் என்று பெயர். மற்றதெல்லாம் நகலாகும், அது மட்டும் ஆகாது. கையால் தனியாக எழுத வேண்டும். இன்ஜினியர் எழுதவில்லை. ரூட்டம்மாவும் அவர் பேச்சை நம்பி, வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போட்டார். பதிவேட்டில் உள்ள வர்ணனை அவருக்குப் பொருந்திய ஒரே நாள் அதுதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு லாரி ஸ்டாண்டில் லாரிக்காரர் சங்கமும் எதிர்ச் சங்கமும் இரும்பால் பேசிக்கொண்டன. காயப்பட்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது கூடவே சண்டையும் அட்மிட் ஆனது. ஸ்ட்ரெச்சரை முட்டி ஒருவனைச் சுவரோடு நசுக்கினார்கள். குளுக்கோஸ் ஸ்டாண்ட் இன்னொருவன் விலாவில் இறங்கியது. காவலாளியின் முழங்கை எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கம் மடங்கியது. புதிதாய்த் துடைத்த தரையில் யாருடையவை என்று தெரியாத இரண்டு பற்கள் கிடந்தன.

ரூட்டம்மா வேலை பார்த்துக்கொண்டிருந்த சர்வர் அறைக்குள் ஒருவன் ஓடிவந்து பெட்டிக்குப் பின்னால் பதுங்கினான். துரத்தி வந்தவனை ஸ்டாண்டில் மொட்டை என்பார்கள். கையில் ஜாக்கி ராடு. முதல் அடியில் பதுங்கியவனின் தாடை கழன்று தொங்கியது. இரண்டாவது அடிக்கு அவன் குனிந்துவிட்டான்; சர்வர் குனியவில்லை. முதல் டிஸ்க் வாய் பிளந்தது. மின்விசிறிகளின் இரைச்சல் நின்றது.

உள் கதவு வழியாக ரத்த வங்கி நர்ஸ் வந்தாள். ரூட்டம்மாவுக்கு நாத்தனார், வீட்டுச் சண்டையையும் வேலை நேரத்திலேயே முடித்துவிடும் சிக்கனக்காரி.

“அண்ணி, ஆபரேஷன் தியேட்டர்ல ஒருத்தனுக்கு வயித்துல கத்திக்குத்து. ஓ நெகட்டிவ். இருந்த ரெண்டு பையும் ஏத்தியாச்சு, நிக்கல. ஒரு மணி நேரம் தாங்குவான்னு டாக்டர் சொல்றார். கூப்பிட்டா வந்து குடுக்கறவங்க லிஸ்ட் எடுங்க.”

“லிஸ்ட் இதோ,” என்று ரூட்டம்மா பிளந்த பெட்டியைக் காட்டினார். “ஆளு யாரு?”

“செவப்புச் சட்டை. லாரிக்காரங்க செக்ரட்டரியாம்.”

மொட்டை ராடைத் தாழ்த்தினான். “அது எங்கண்ணன்.”

“நீ ஒடச்ச பெட்டிக்குள்ளதான்டா உங்கண்ணனுக்கு ரத்தம் இருக்கு.”

“என்னோடத எடுங்கக்கா! கூடப் பொறந்தவன்தானே!”

“உன் லைசென்ஸ்ல என்ன போட்டிருக்கு?” என்றாள் நர்ஸ்.

“பி பாசிட்டிவ்.”

“அத ஏத்துனா, குத்துனவன் பாதியில விட்டத நீ முடிச்சு வெப்ப. ஒதுங்கு.”

ரூட்டம்மா உடைந்த டிஸ்க்கை உருவி எடுத்துவிட்டு சுவிட்சைத் தட்டினார். மின்விசிறிகள் சுழன்றன. திரையில் ஒரே வரி: துவக்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. “கொட்டாவி விட்டானே, படுபாவி,” என்றபடி டிராயரிலிருந்து, டிஸ்க்கின் தயவில்லாமல் இயந்திரத்தை எழுப்பும் சிஸ்டம் சிடியை எடுத்துப் போட்டார். அது முக்கி முனகி ஏற ஆரம்பித்தது.

அதற்குள் எதிர்ச் சங்கம் வாசலுக்கு வந்துவிட்டது. “மொட்டைய வெளில தள்ளுங்க! இல்ல, எல்லாரும் சாவுங்க!”

“நீங்க பாருங்கக்கா,” என்று மொட்டை கதவைச் சாத்தி அதற்கு முதுகைக் கொடுத்தான். மேல்பலகை உடைந்து ஒரு கை உள்ளே வந்தது. அதன் மணிக்கட்டில் ராடை இறக்கினான். எலும்பு நொறுங்கிய சத்தம் மின்விசிறிகளை மீறிக் கேட்டது. அடுத்து வந்தது கத்தி. மொட்டையின் தோள் பிளந்தது, ராடு நழுவி விழுந்தது. தாடை தொங்கியவன் தவழ்ந்து வந்து அதை எடுத்து, மொட்டையின் மண்டைக்குக் குறிபார்த்து ஓங்கினான்.

நியாயம் அவன் பக்கம்தான். அவசரம் இந்தப் பக்கம். ரூட்டம்மா செத்த டிஸ்க்கை எடுத்து அவன் பொட்டில் ஒரே போடாகப் போட்டார். ஆள் சரிந்தான்.

“கொஞ்ச நேரம் உக்காருப்பா. வேலை நடக்குதுல்ல.”

சிடி எழுந்துவிட்டிருந்தது. ஒரே வரிக் கட்டளை. டிஸ்க்கின் பெயரை எழுத்தெழுத்தாக இரண்டு முறை சரிபார்த்து, என்டரைத் தட்டினார். பூட் பிளாக் பதிந்தது. சிடியை எடுத்துவிட்டு மறுபடி துவக்கினார். எழுந்த இயந்திரம், என் பாதியைக் காணோமே என்று நடுவில் அடம்பிடித்தது.

“ஆமா, போயிடுச்சு. இருக்கறத வெச்சு நட,” என்று அதற்குப் புரியும் மொழியில் அடித்தார்.

கதவின் கீழ்ப்பாதியும் உடைந்தபோது பட்டியல் திரையில் இருந்தது. ரூட்டம்மா எண்களை உரக்க வாசித்தார்; நர்ஸ் அவற்றை முன்கையில் எழுதிக்கொண்டு உள் கதவு வழியாக ஓடினாள். மொட்டையை இழுத்துப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தவர்களை ஐந்து நிமிடம் கழித்து வந்த போலீஸ் பிரித்தது. அவனுக்கு நான்கு விலா எலும்புகள் போயின. அண்ணன் பிழைத்தான்.

விசாரணை அறிக்கை, ‘கணினி சிறிது நேரம் இயங்காமல் இருந்து பின் தானாகச் சரியாயிற்று’ என்று சொல்லி முடித்துக்கொண்டது.

அன்று பதினொன்று நாற்பதுக்கும் பன்னிரண்டு பத்துக்கும் இடையில் அவர் ஒருவனை அடித்து வீழ்த்தினார், மாற்று டிஸ்க்கில் பூட் பிளாக்கை எழுதினார், பதினோரு பேரின் தொலைபேசி எண்களை வாசித்தார். அவர்களில் மூன்று பேர் வந்து ரத்தம் கொடுத்தார்கள்.