ஊமையாய்க் கிடந்த கறுப்புக் கட்டை

எங்கட எட்வேட் அண்ணையிட்டை இருந்து ஒரு கதை பிடுங்கிறதெண்டால் அந்தோனியாராலும் ஏலாது. எந்த நேரமும் வாய்க்குள்ளை கொழுக்கட்டை. உப்பளத்திலை நிறுவை பார்க்கிற வேலை, அங்கையும் பேச்சில்லை. பின்னேரம் வந்து குளிச்சிட்டுச் சக்சபோனை வாயிலை வைச்சால்தான் அந்த மனிசனிட்டை இருந்து ஒரு சத்தம் வரும். பேசாத ஆம்பிளையளை நான் நம்பிறேல்லை. கூடப் பிறந்தவரெண்டாலும் அப்பிடித்தான்.

சின்ன வயசிலை கோயில் பாண்டிலை ஊதிப் பழகினவர். பிறகு கொழும்பிலை ஒரு நடனக் கோஷ்டி கலைஞ்ச நேரம் அந்த அல்ரோ சக்சபோனை வாங்கிக்கொண்டு வந்தார். அவரின்ர பெண்சாதி மாக்கிறட், எனக்கு மச்சாள், கொன்வென்ற் சிஸ்டர்மாரிட்டைப் பியானோ படிச்சவ. சீதனத்தோடை ஒரு பழைய பியானோவும் வந்தது. அதுக்குப் பிறகு அண்ணைக்குப் பிடிச்ச விசர் ஒண்டுதான். றேடியோவிலை போற பழைய இங்கிலீசுக் காதல் பாட்டுகள், அதுவும் மெதுவாப் போய் நெஞ்சைப் பிசையிற பாட்டுகள், அதுகளைக் கேட்டுக் கேட்டுச் சக்சபோனுக்கும் பியானோவுக்குமெண்டு பிரிச்சு எழுதுவார். பாடுறவனின்ர குரல் சக்சபோனுக்கு. பின்னாலை ஒரு பட்டாளம் வாசிக்கிறதெல்லாம் மச்சாளின்ர பத்து விரலுக்கு. பள்ளிமுனைப் பக்கம் ஆர் வீட்டுக் கலியாணமெண்டாலும், தோணி இறக்கிற பெடியள் வந்து பியானோவைத் தூக்கிக்கொண்டு போவாங்கள். பின்னாலை இவை ரெண்டு பேரும் போவினம்.

மன்னார்க் காத்துக்கு இரும்பைக் கண்டால் ஆகாது. சீதனப் பியானோவின்ர கம்பியள் துருப்பிடிச்சு ஒண்டொண்டா அறுந்தது. விரல் வைக்கிற கட்டையளிலை மேலை ரெண்டு மூண்டு செத்துது, அது பரவாயில்லை. நடுவுக்குக் கொஞ்சம் கீழை, இடக்கைப் பக்கம், ஒரு கறுப்புக் கட்டையும் ஊமையாப் போச்சு. அண்ணையின்ர பாட்டுகளிலை பாதி வந்து முடியிறது அந்தச் சுரத்திலைதான். வேறை ஆளெண்டால் பியானோவை வித்துப்போட்டிருப்பார். இவர் அந்தச் சுரத்தைத் தன்ர பங்குக்கு எடுத்துக்கொண்டார். அல்ரோ சக்சபோனிலை அது கிட்டத்தட்ட அடி மட்டம். அடிவயித்திலை இருந்து மூச்சை எடுத்து, பாட்டு முடியுமட்டும் இழுத்துப் பிடிக்கவேணும். அந்த இடம் வந்தால் மச்சாளின்ர விரல் தானாத் தாண்டிப் போகும், அண்ணை ஊதி நிரப்புவார். சனம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும். கட்டை செத்துக் கிடக்கிறது எங்களைத் தவிர ஆருக்கும் தெரியாது.

எழுபத்தி நாலாம் ஆண்டு என்ர மகள் கிறேஸுக்குக் கலியாணம் பொருந்திச்சுது. பாணுக்கு வரிசை, மாவுக்கு வரிசை, வெளிநாட்டிலை இருந்து ஒரு சாமானும் இறக்க விடாத காலம். "மாப்பிளை பொம்பிளை மண்டபத்துக்குள்ளை வரேக்கை வாசிக்கப் புதுசா ஒண்டு எழுதித் தாறன்" எண்டு அண்ணை சொன்னார். அவர் வாய் திறந்து சொன்னதே பெரிய காரியமெண்டு நான் பூரிச்சுப் போனன்.

அந்த மாசத்திலை இருந்துதான் மனிசன் ஒரு மாதிரியா நடக்கத் தொடங்கினார். இந்தியாக் கப்பல் வாற நாளெல்லாம் வேலை முடிஞ்ச கையோடை றெயின் பிடிச்சுத் தலைமன்னாருக்குப் போறது. கேட்டால், "சும்மா." சும்மா போறதுக்கு அங்கை என்ன இருக்கு? இறங்குதுறையும் காகமும்தான். மச்சாள் மடு மாதா திருவிழாவுக்குப் போற நேரம், "எனக்குக் கால் உளையுது, நீர் போயிட்டு வாரும்" எண்டு தான் மட்டும் நிண்டிட்டார். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் மடுவுக்குத் தனியப் போகாத மனிசி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனா. வீட்டிலை சக்சபோன் ஊதுறதும் குறைஞ்சுது. ஊதினாலும் கதவைச் சாத்திப்போட்டுத்தான்.

பக்கத்து வீட்டுச் சந்தியோகு விடுவாரே? ஊரிலை ஒரு குசுகுசுப்பெண்டால் அவருக்கு மூக்கிலை வேர்த்திடும். மச்சாள் மடுவுக்குப் போக முன்னம் ஒருநாள் தலைமன்னாருக்குக் கருவாடு ஏத்தப் போனவர், வந்து வேலிக்கு மேலாலை தலையை நீட்டினார்.

"அன்ரோனெற், கோவிக்காதையுங்கோ. உங்கட கொண்ணையைக் கண்டனான். சுங்கத்து ஐயாவின்ர பங்களாவிலை, அந்த அம்மாவோடை இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறார். உள்ளை பியானோச் சத்தமும் கேட்டுது."

நான் வேலிக்குக் கிட்டப் போனன். எங்கட வீட்டுப் பியானோவை விட்டால் இந்தத் தீவிலை நாங்கள் அறிஞ்ச மற்றப் பியானோ அது ஒண்டுதான். அந்த அம்மா கொழும்புக்காரி, நல்லா வாசிப்பாவெண்டு கேள்வி. "சந்தியோகு, இதை மாக்கிறட்டிட்டைச் சொன்னீரோ, நாக்கை அறுத்துப்போடுவன்" எண்டன். அவர் என்னட்டை வர முன்னமே அங்கை சொல்லிப்போட்டுத்தான் வந்திருக்கிறார், கோதாரி விழுவார்.

கலியாணத்துக்கு நாலைஞ்சு நாள் இருக்கேக்கை மச்சாள் ஆள் விட்டுக் கூப்பிட்டா. போனால், கட்டிலிலை பெட்டி திறந்து கிடக்குது, சீலையள் மடிச்சு அடுக்கியாச்சு.

"நான் இலுப்பைக்கடவைக்குத் தம்பி வீட்டை போறன். கிறேஸின்ர கலியாணத்துக்கு வேறை ஆரையும் பிடியும்."

"என்ன மச்சாள், விசரே உமக்கு? சந்தியோகு சொன்னதைக் கேட்டோ?"

"சந்தியோகு கிடக்கட்டும். இதைப் பாரும்." அண்ணை எழுதின புதுப் பாட்டை என்ர முகத்துக்கு முன்னாலை பிடிச்சா. எனக்கு அந்தப் புள்ளியள் எங்கை விளங்குது? மச்சாள் விரலை வைச்சுக் காட்டினா. "இது என்ன சுரம் தெரியுமே? அந்தச் செத்த கறுப்புக் கட்டை. இத்தினை வருசமா எனக்கு அதை எழுதினதே இல்லை. இப்ப கடைசி வரியிலை அதைத்தான் எழுதி, பிடிச்சுக்கொண்டிரு எண்டும் போட்டிருக்கிறார். இந்த வீட்டிலை அதுக்குச் சத்தமில்லை. எந்த வீட்டிலை இருக்கு? சொல்லும்!"

நான் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தன்.

"இன்னும் பாரும். அவரின்ர பங்கிலை பாதி வெறுமை. முந்தி ஒரு வரி விட மாட்டார். இப்ப நிண்டு நிண்டு ஊதுறார், மிச்சமெல்லாம் பியானோவுக்கு. தான் ஊதாமல் நிண்டு அவளின்ர வாசிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கத்தானே? போன கிழமை ரெண்டு பேரும் இதை வாசிச்சுப் பார்த்தனாங்கள். கடைசி இடம் வர நான் வழமை போலை தாண்டிப் போட்டன். அந்த மனிசன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிடிபட்ட கள்ளனின்ர பார்வை, அன்ரோனெற். ஒரு சொல்லுச் சொல்லேல்லை, எழும்பிப் போயிட்டார்."

சொல்லிப்போட்டு ஓவெண்டு அழுதா. எனக்கு அண்ணையிலை பத்திக்கொண்டு வந்தது. பேரப்பிள்ளை காணுற வயசிலை உவருக்கு என்ன கூத்து? இண்டைக்கு வரட்டும், கேக்கிற விதத்திலை கேக்கிறனெண்டு விறாந்தைக் கதிரையிலை குந்திக்கொண்டிருந்தன்.

அண்ணை வந்தார். சைக்கிளைச் சாத்திப்போட்டுப் பியானோ இருக்கிற முன் அறைக்குள்ளை வந்தவர், கட்டிலிலை பெட்டியைக் கண்டார், பின்னாலை வந்த என்னைக் கண்டார். "என்ன?" எண்டார்.

"என்னவோ? தலைமன்னாரிலை ஆர் இருக்கினமெண்டு கேக்கத்தான் வந்தனான்!" எண்டன்.

மச்சாள் உள்ளை இருந்து பாய்ஞ்சு வந்தா. "அவளுக்கு எழுதினதை என்னட்டை ஏன் தாறியள்? அவளே வந்து வாசிக்கட்டும்! இந்தச் செத்த கட்டையிலை நான் என்னத்தை வாசிக்க? இந்தாங்கோ, கேளுங்கோ!" எண்டு அந்தக் கறுப்புக் கட்டையிலை ஓங்கி ஒரு குத்துக் குத்தினா.

மாதாவே! வீடு அதிர்ந்துது.

அடி ஆழத்திலை இருந்து ஒரு சத்தம் வந்து, அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுத்து, மெல்ல மெல்ல அடங்கிச்சுது. மச்சாள் கையை நெருப்பிலை வைச்சவ போலை எடுத்தா. பிறகு ஒரு விரலாலை மெதுவாத் தொட்டா. திரும்பவும் அதே சத்தம்.

"எப்ப…?" எண்டா.

"நீர் மடுவுக்குப் போன கிழமை போட்டனான்." அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எருக்கலம்பிட்டி அப்துல் றசாக் நானா இந்தியாவுக்கு யாவாரத்துக்குப் போய் வாறவராம். அவரிட்டைச் சொல்லி மதறாசிலை இருந்து கம்பி எடுப்பிச்சிருக்கிறார். கப்பல் வாற நாளெல்லாம் போய் அதுக்குத்தான் காவல் நிண்டது. கடைசியிலை கம்பி வந்துது, சுங்கத்திலை பிடிச்சுப்போட்டினம். சுருட்டி ஒளிச்சுக் கொண்டு வந்த கம்பி என்னத்துக்கெண்டு அவைக்கும் சந்தேகம். பியானோக் கம்பியெண்டு சொன்னால் ஆர் நம்பிறது? அந்த ஐயா பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், தன்ர பெண்சாதியின்ர பியானோவைத் திறந்து, கம்பியைப் பக்கத்திலை பிடிச்சுப் பார்த்து, அந்த அம்மா அந்தக் கட்டையை அடிச்சுக் காட்டின பிறகுதான் விட்டிருக்கிறார். தேத்தண்ணியும் குடுத்தவையாம்.

"சத்தம் வாற கட்டையிலை கை வைக்காமல் ஏன் தாண்டினனீர்?" எண்டார் அண்ணை. "அண்டைக்கு உம்மடை விரல் இறங்குமெண்டு காத்துக்கொண்டு நிண்டனான்."

"எனக்குத் தெரியுமே? ஒரு வார்த்தை சொன்னால் என்ன, முத்து உதிருமே?" மச்சாளுக்கு அழுகையும் கோபமும். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. மனிசி இத்தினை வருசமாத் தாண்டித் தாண்டி, கட்டை உயிர்த்தெழும்பினதும் தெரியாமல் தாண்டியிருக்கிறா.

ஆனால் எனக்குச் சந்தேகம் விடேல்லை. "அண்ணை, மேலையும் ரெண்டு மூண்டு கட்டை செத்துத்தானே கிடக்கு. இத்தினை பாடுபட்ட மனிசன், ஏன் இந்த ஒண்டுக்கு மட்டும் கம்பி எடுப்பிச்சனீங்கள்?"

அண்ணை சக்சபோனை எடுத்தார், பழைய பாட்டு ஒண்டின்ர கடைசி வரியை ஊதினார். அந்த அடிச் சுரத்துக்கு வந்தார். தொடங்கினது நல்லாத்தான் இருந்தது. பாதியிலை நடுங்கி, காத்து மட்டும் வந்து, நிண்டுபோச்சு. சுவரைப் பிடிச்சுக்கொண்டு இளைச்சார். கழுத்து நரம்பு துடிக்கிறது எனக்குத் தெரிஞ்சுது.

"மூச்சுக் காணாது, மாக்கிறட்" எண்டார். "கொஞ்சக் காலமா இப்பிடித்தான். இனி அதை நீர்தான் பிடிக்கவேணும்."

கம்பியைப் பற்றிச் சொன்னால் மூச்சைப் பற்றியும் சொல்லவேண்டி வந்திருக்கும். அதுதான் அந்த மனிசன் வாயைத் திறக்கேல்லை. மச்சாள் போய்ப் பெட்டியிலை இருந்த சீலையளை ஒவ்வொண்டா எடுத்துத் திரும்ப அலுமாரியிலை வைச்சா. எனக்கு அங்கை நிக்க ஏலாமல் போச்சு, வீட்டை வந்து அடுப்படியிலை இருந்து அழுதன்.

கிறேஸும் மாப்பிளையும் மண்டபத்துக்குள்ளை வரேக்கை அந்தப் புதுப் பாட்டுத்தான். அண்ணை விட்டு விட்டு ஊதினார், விட்ட இடமெல்லாம் மச்சாள் நிரப்பினா. கடைசிச் சுரத்துக்கு முன்னமே சக்சபோனை வாயிலை இருந்து எடுத்திட்டுக் கதிரையிலை இருந்திட்டார். மச்சாளின்ர விரல் அந்தக் கறுப்புக் கட்டையிலை இறங்கிச்சுது.

பின்னாலை இருந்து சந்தியோகு என்ர காதுக்குள்ளை, "கொண்ணை ஏன் முதலே நிப்பாட்டினவர்? உதுக்குள்ளை ஏதோ இருக்கு" எண்டார்.

"ஓம், இருக்கு. வாயை மூடிக்கொண்டு கேளும்" எண்டன்.

சத்தம் தேய்ஞ்சு போய், சனம் கைதட்டத் தொடங்கியும், மச்சாள் கட்டையை விடேல்லை. அண்ணையையே பார்த்துக்கொண்டிருந்தா. அவருக்கு மூச்சு ஒழுங்கா வந்த பிறகுதான் விரலை எடுத்தா.