ஒரு மரத்துக்கு மட்டும் பெர்மிற்

அரசாங்கக் காட்டுக்குள் போய், பிடித்த மரத்தை நீங்களே வெட்டி, காரின் கூரையில் கட்டிக்கொண்டு வரலாம் — சட்டப்படி. தெரியுமா உங்களுக்கு?

எனக்கும் போன மாதம் வரைக்கும் தெரியாது.

இந்தக் குளிர் நாட்டில், எங்கள் ரெக்ஸ்டேல் அடுக்குமாடிக் கட்டடத்தில் நான் இரண்டாம் மாடி. நான்காம் மாடியில் யோகன், மனைவி சாந்தி, ஆறு வயது மகள் மது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதம். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. என்னிடம் கார் இருக்கிறது, போன் இருக்கிறது. யோகனிடம் இரண்டும் இல்லை. ஊரிலிருந்து அவனுக்கு வருகிற போன் எல்லாம் என் வீட்டுக்குத்தான் வரும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரக் கதையைத் தொடக்கியது மது. வீட்டுக் கிறிஸ்மஸ் மரம் எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் சொல்ல வேண்டுமாம். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, தன் அப்பா காட்டில் வெட்டிக்கொண்டு வருவார் என்று சொல்லியிருக்கிறது. உடனே எங்கள் மது எழும்பி, "மை டாடி ரூ!" — என் அப்பாவும்தான் — என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

யோகன் திருநீறு பூசாமல் வேலைக்குப் போகாத ஆள். அவனுக்கு ஏன் கிறிஸ்மஸ் மரம்? கேட்டேன்.

"பிள்ளை சொல்லிப்போட்டாள் அண்ணை. அவளைப் பொய்க்காரி ஆக்கேலாது."

தொழிற்சாலையில் கூட வேலை செய்பவர் ஒருவர் பெர்மிற் எடுத்தால் காட்டில் மரம் வெட்டலாம் என்ற விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தாராம். இரண்டு பேரும் ஒருநாள் லீவு போட்டோம். வடக்கே ஒரு மணி நேரம் ஓடி வனத்துறைக் கந்தோருக்குப் போனோம். யோகனின் மடியில் தடித்த ஃபைல் ஒன்று. பிறப்புச் சான்றிதழ், வழக்கறிஞரின் கடிதம், வேலை செய்ய விட்ட கடதாசி, பாஸ்போர்ட் அளவில் ஆறு படங்கள்...

"உதெல்லாம் என்னத்துக்கு?"

"கேட்டாங்களெண்டா? ஒண்டில்லையெண்டு கேஸ் பிழைச்சுதெண்டா?"

சிரிக்கலாம்தான். அடையாள அட்டை இல்லாமல் சந்திக் கடைக்குப் போய்ப் பாண் வாங்க முடியாத ஊரிலிருந்து வந்தவன் வேறு என்ன செய்வான்?

கவுண்டரில் இருந்த அம்மா அந்த ஃபைலைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெயர், விலாசம் இரண்டும்தான் கேட்டார். மஞ்சள் கடதாசி ஒன்றில் எழுதிக் கொடுத்தார். ஒரு மரம். சொந்தப் பாவனைக்கு மட்டும். விற்கக் கூடாது. வெட்டும்போது கடதாசி கையில் இருக்க வேண்டும்.

யோகனுக்கு நம்பிக்கை வரவில்லை. தன் இங்கிலீஷில், இது யாருடைய காடு என்று கேட்டான். எல்லாருக்கும் சொந்தம், உனக்கும்தான் என்றார் அந்த அம்மா.

திரும்பி வரும் வழியில் மூன்று தடவை சொன்னான்: "எங்கட காடாம் அண்ணை!"

அன்றைக்கே தம்பிக்குக் கடிதம் எழுதினான். யோகனுக்கு ஒரே தம்பி, ராசன். ஊரில்தான் இருந்தான். ஸ்நோவுக்குள் நிற்கிற படம் ஒன்று அனுப்பு என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டு எழுதுவான். மரத்தோடு நிற்கிற படமாகவே வருகிறது என்று யோகன் பதில் போட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்படுவதாக இருந்தோம். காலை ஏழு மணிக்கு என் வீட்டு போன் அடித்தது.

கொழும்பிலிருந்து, யோகனின் மச்சான் முறையானவர். லைன் இரைந்தது.

"யோகனுக்குப் பக்குவமாச் சொல்லுங்கோ. ராசன் போயிட்டான். புதன்கிழமை, சைக்கிள்ல போகேக்கை ஷெல் விழுந்தது. செத்தவீடும் முடிஞ்சுது."

அவ்வளவுதான். லைன் அறுந்துவிட்டது.

பக்குவமாக... இந்தச் சொல்லுக்கு அர்த்தம் நம்மில் யாருக்குத் தெரியாது? முதலில் "கொஞ்சம் சுகமில்லையாம்" என்போம். பிறகு "ஆசுப்பத்திரியில வைச்சிருக்கினமாம்" என்போம். இதற்கிடையில் ஆள் சாப்பிட்டாரா என்று நைசாக விசாரிப்போம். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் மிச்சத்தைச் சொல்வோம். கேட்ட பிறகு அந்த மனிதர் எப்போது சாப்பிடுவாரோ என்ற அக்கறை. இந்த வேலையை நான் முன்பும் செய்திருக்கிறேன். நன்றாகச் செய்வேன் என்று ஒரு நினைப்பும் எனக்கு இருந்தது.

என் மனைவி முதல்நாள் மீன் அடைத்துச் சுட்ட பணிஸ்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். செய்தியைச் சொன்னேன். அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு, "வெறும் வயித்தோட சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

கதவில் தட்டும் சத்தம் கேட்டது. கையில் மரம் அரிகிற வாளோடு யோகன். பக்கத்தில் சிவப்புப் பூட்ஸ் போட்ட மது.

"வெளிக்கிடுவமா அண்ணை? பெர்மிற் எடுத்திட்டன்." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

சொன்னால் மரம் இல்லை. தம்பி செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. ஒரு வருடத்துக்கு அந்த வீட்டில் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. கிறிஸ்மஸ் மரம் மட்டும் எப்படி இருக்கும்? மது என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். போனவன் போய்விட்டான், இந்தப் பிள்ளைக்கு ஒரு நாளாவது கிடைக்கட்டும், பின்னேரம் சொல்வோம் என்று முடிவெடுத்தேன்.

நல்ல மனசோடுதான். சத்தியமாக.

காட்டில் முழங்கால் வரை ஸ்நோ. யோகன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெர்மிற்றைத் தொட்டுப் பார்த்தான். மது ஓடி ஓடி மரங்களைத் தொட்டாள். ஒன்று உயரம், ஒன்று மொட்டை... கடைசியில் தன்னைவிட ஒரு முழம் உயரமான ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். யோகன் ஸ்நோவில் குப்புறப் படுத்து வாளை இழுத்தான். மரம் சாய்ந்தபோது அப்பாவும் மகளும் போட்ட கூச்சலில் எங்கோ ஒரு காகம் எழும்பிப் பறந்தது. அவன் அப்படிச் சிரித்து இந்த எட்டு மாதத்தில் நான் பார்த்ததில்லை.

"பசிக்குது அண்ணை."

பெட்டியைத் திறந்து கொடுத்தேன். இரண்டு மீன் பணிஸ் சாப்பிட்டான். சாப்பிடட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அதுதானே முறை? மீனே தொடக் கூடாத துடக்குக்காரனுக்கு மீன் கொடுக்கிறேன் என்பது அந்த நேரம் என் மண்டையில் ஏறவேயில்லை.

பிறகு மரத்தை நிமிர்த்திப் பிடித்தான். மதுவைப் பக்கத்தில் இழுத்தான். "சித்தப்பாக்குப் படம். சிரி பிள்ளை."

கமரா என் கையில் இருந்தது. எடுத்தேன். எடுத்த கையோடு முகத்தைக் கழுத்துத் துணிக்குள் புதைத்துக்கொண்டேன். "குளிருது என்ன அண்ணை?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன்.

மூன்று மணிக்கு வீடு வந்தோம். மரத்தை லிஃப்ற்றில் ஏற்றி நான்காம் மாடிக்குக் கொண்டுபோனோம். சாந்தி தேத்தண்ணி தந்தாள். என் மனைவியும் மேலே வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"யோகன், ராசனுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம்..."

யோகன் கோப்பையைக் கீழே வைத்தான். "எப்ப அண்ணை செத்தவன்?"

அவனும் நம் ஊர்க்காரன்தானே. இந்தப் பாஷை அவனுக்குத் தெரியாதா?

சாந்தி குழறி அழுதாள். மது மரத்தின் ஒரு கிளையைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யோகன் அழவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"போன் எத்தினை மணிக்கு வந்தது?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. "காலமை ஏழு மணிக்கு."

"அப்ப நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கேக்கை, உங்களுக்குத் தெரியும்."

நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"மீன் பணிசும் தந்தனீங்கள்."

"பிள்ளைக்காகத்தான் யோகன்..."

சட்டைப் பையிலிருந்து அந்த மஞ்சள் கடதாசியை எடுத்தான். விரித்து, மேசையில் என் முன்னால் வைத்தான்.

"ஒரு மரம் வெட்ட ரண்டு பேருமாப் போய்ப் பெர்மிற் எடுத்தனாங்கள். இதை எனக்குச் சொல்லாமல் விட ஆரிட்டைப் பெர்மிற் எடுத்தனீங்கள் அண்ணை?"

 

மூன்று வாரமாகிறது. துக்கம் விசாரிக்கத் தூரத்து ஒஷாவாவிலிருந்தும் ஆட்கள் வந்துபோனார்கள். மரத்தை யோகன் எறியவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை. கயிறு கட்டியபடியே பல்கனியில் சாய்ந்து நிற்கிறது. காலையில் வேலைக்குப் போகும்போது பார்க்கிங் லொட்டில் நின்று நிமிர்ந்தால், கம்பிக்கு மேலால் அதன் நுனி தெரியும். மது பள்ளிக்கூடத்தில், தங்கள் வீட்டுக்கு மரம் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டாளாம். பொய்யில்லைத்தானே.

ஃபிலிம் ரோல் இன்னும் என் கமராவுக்குள் இருக்கிறது. கழுவக் கொடுக்கத் தைரியமில்லை. தன் தம்பி செத்தது தெரியாமல் ஒருவன் அதில் சிரிக்கிறான். அவன் துக்கத்தின் முதல் நாளை நான் களவெடுத்துவிட்டேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு மற்றவருடைய துக்கத்துக்கு நாமே நேரம் குறிக்கிறோமே, அந்த உரிமையை யார் தந்தது?

இதை எழுதுவதற்கு முன் நான்காம் மாடிக்கு ஏறிப் போனேன். எழுதலாமா என்று யோகனிடம் கேட்டேன். இந்த முறையாவது கேட்க வேண்டும் அல்லவா?

"ஓம்" என்றான்.

முன்பென்றால், "ஓம் அண்ணை" என்றிருப்பான்.