நாலு நிமிடம் ஓடிய சக்கரம்

சூடான பெல்ட்டுக்கு ஒரு நாற்றம் உண்டு. ரப்பரும் கிரீஸும் கொஞ்சம் தலைமயிரும் சேர்ந்து கருகியது போல இருக்கும். துணியில் ஏறினால் துவைத்தாலும் போகாது. நான் பத்தாவது படித்த வருடம், ஐப்பசியிலிருந்து தை வரைக்கும், புதுவயலில் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து அந்த நாற்றம் வராத நாளே இல்லை. என் பள்ளிச் சீருடையில் இருந்தது, தலையணையில் இருந்தது, அம்மா வைக்கும் ரசத்தில்கூட இருப்பதாகத் தோன்றும். வகுப்பில் பக்கத்துப் பிள்ளை மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்காருவாள். என் அப்பா கொல்லையில் நிற்காத சக்கரம் ஒன்று செய்துகொண்டிருக்கிறார் என்று அவளிடம் நான் எப்படிச் சொல்வது? வாயைத் திறந்து பேசுகிற ஆளே இல்லை நான். இன்றைக்கும் இல்லை.

அப்பா ஓர் அரிசி மில்லில் 'பிட்டர்'. அந்தக் காலத்து மில்லில் ஒரே ஒரு பெரிய மோட்டார்தான் இருக்கும். அது கூரைக்குக் கீழே நீளமாகப் போகும் ஓர் இரும்புத் தண்டைச் சுழற்றும்; தண்டிலிருந்து இறங்கும் பெல்ட்டுகள் நெல் அரைப்பது, சலிப்பது, தவிடு பிரிப்பது என்று எல்லா இயந்திரங்களையும் ஓட்டும். பெல்ட் அறுந்தாலும் நழுவினாலும் அப்பாதான் ஏணியில் ஏற வேண்டும். கரண்ட் போகாத நாள் கிடையாது. கரண்ட் போனதும் விளக்கு அணையும், மோட்டார் ஓயும். ஆனால் தண்டும் சக்கரங்களும் உடனே நிற்காமல் கொஞ்ச நேரம் தன்பாட்டுக்குச் சுற்றும், அரிசியும் விழுந்துகொண்டே இருக்கும். மற்றவர்களுக்கு அது பீடி பற்றவைக்கிற நேரம். அப்பா மட்டும் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். வருடக்கணக்காக நின்றார். "கரண்டு போயிருச்சு, ஆனா அரிசி விழுகுது. அப்ப சக்கரத்துக்குள்ள கரண்டு ஊறிக் கெடக்கு" என்பதுதான் அவர் கண்டுபிடித்தது. அப்படி ஊறிக் கிடப்பதை வைத்து ஒரு டைனமோவைச் சுழற்றி, டைனமோ தரும் கரண்டால் ஒரு மோட்டாரை ஓட்டி, அந்த மோட்டாரைக் கொண்டு மறுபடி அதே சக்கரத்தைச் சுற்றிவிட்டால், அப்புறம் வெளியிலிருந்து எதுவும் வேண்டாம் அல்லவா?

அந்த வருடம் ஐப்பசியில் மில்லில் வேலை குறைந்தபோது அப்பா லீவு கேட்டார். முதலாளி நல்ல மனிதர். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். "தை பொறந்தா புது நெல்லு வந்து எறங்கும். அன்னைக்கு நீ நிக்கலைன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும், பாத்துக்க." அப்பா தலையாட்டிவிட்டு வந்து, மறுநாளே காயலான் கடை பாயிடம் பழைய ஆயில் என்ஜின் சக்கரம் ஒன்றையும், லாரியிலிருந்து கழற்றிய டைனமோவையும், ஒரு சின்ன மோட்டாரையும் வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். பாய் வண்டி கூடவே வந்தார். "பிட்டரே, ஓடுச்சுன்னா மொதக் கனெக்சன் என் கடைக்குத்தான் குடுக்கணும், மறந்துறாதீக" என்றார். கேலி என்று எனக்குப் புரிந்தது. அப்பா, "ஒங்களுக்கு இல்லாமலா பாய்" என்றார்.

சக்கரம் ஓடத்தான் செய்தது, அதுதான் வினை. ஓடவே இல்லை என்றால் பத்து நாளில் விட்டிருப்பார். முதல் தடவை கையால் வேகமாகச் சுற்றிவிட்டபோது ஒரு நிமிடம் ஓடி நின்றது. கிரீஸ் போட்டார், ஒன்றரை நிமிடம் ஓடியது. பெல்ட்டை மாற்றினார், இரண்டு. இன்னும் கனமான சக்கரம் வாங்கி மாட்டினார், நாலு. அலாரம் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகும்போது, ஒரு நாள் நிற்காமலே போய்விடும் என்று யாருக்குத்தான் தோன்றாது? எனக்கே கார்த்திகை முதல் வாரம் வரைக்கும் தோன்றியது. அதற்குப் பிறகு ஒரு நாள் டைனமோ பெல்ட்டும் மோட்டார் பெல்ட்டும் நழுவிக் கீழே விழுந்துவிட்டன. அன்றைக்குச் சக்கரம் தனியாக ஆறு நிமிடம் ஓடியது. டைனமோவும் மோட்டாரும் இல்லாவிட்டால்தான் அது கூடுதலாக ஓடுகிறது! அப்பா அதைப் பார்த்தார், யோசித்தார், "பெல்ட்டு சரியில்லை" என்று முடிவு செய்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"இன்னைக்காவது மில்லுப் பக்கம் போயி தலையைக் காட்டிட்டு வாறீகளா?" என்று அம்மா தினமும் கேட்டாள். அவர் பெல்ட்டைத் தடவிக்கொண்டே இருந்ததால் என் பக்கம் திரும்பினாள். "பத்தாவது படிக்கிறேல்ல? புத்தகத்துல இதைப்பத்திப் போட்டிருக்கும்ல? அந்த மனுசன்கிட்ட எடுத்துச் சொல்லேன்டி. நான் சொன்னாத்தான் கேக்க மாட்டாக."

போட்டிருந்தது. ஆற்றல் பாடத்தில், கட்டம் கட்டியே போட்டிருந்தது. முதலில் டீச்சரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். ஆசிரியர் அறை வாசலில் மூன்று நாள் நின்று திரும்பி, நாலாம் நாள் கேட்டேவிட்டேன். அவர் திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து நிமிராமல், "சக்கரமெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா, விதியை மட்டும் மனப்பாடம் பண்ணு" என்றார்.

மனப்பாடம் பண்ணினேன். அன்று சாயங்காலம் கொல்லைக்குப் போய், அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில் வாசித்தேன். "ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது." அதற்குப் பின்னால் ஒரு வகை ஆற்றல் இன்னொரு வகையாக மாறும் என்று ஒரு வரி இருந்தது. அதற்குள் அப்பா கையை உயர்த்திவிட்டார்.

"அழிக்க முடியாதா? புத்தகத்துலயே போட்டிருக்கா? இங்க கொண்டா." வாங்கிப் பார்த்தார். முகம் பூரித்துப் போயிற்று. "அதைத்தானேத்தா நானும் சொல்றேன்! அழிக்க முடியாதுன்னா நான் ஏத்தி விட்டது எங்க போகும்? உள்ளதானே கெடக்கணும்?" உடனே அந்த வரியைச் சாக்பீஸால் கொல்லைக் கொட்டகையின் சுவரில் பெரிதாக எழுதினார். 'ஆக்கவோ' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், "எம் மக படிக்கிற புத்தகத்துல கவருமெண்டே போட்டிருக்கு" என்று காட்டினார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. நிறுத்தப் போன நான் ஒன்றரை மாதத்துக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு வந்திருந்தேன்.

அவர் ஏற்றிவிட்டது எங்கே போகிறது என்பது எனக்குத் தெரியும். சக்கரத்தின் அச்சைத் தாங்கும் பேரிங்கை ஒரு நாள் தெரியாமல் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அதை அப்பாவிடம் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. மார்கழி பிறந்து, பாட்டிலில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்த ஒரு காலையில்தான் வழி தோன்றியது. ஓர் உருண்டை எண்ணெயை விரலால் தோண்டிக் கொண்டுபோய், நின்றிருந்த சக்கரத்தின் பேரிங் மேல் வைத்தேன். "ஓட்டுங்கப்பா" என்றேன். அவர் சுற்றிவிட்டார். இரண்டாம் நிமிடம் எண்ணெயின் ஓரம் கண்ணாடி போல ஆயிற்று. சக்கரம் தளர்ந்து நிற்கும்போது முழுதும் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்கதாம்பா போகுது" என்றேன்.

அப்பா குனிந்து அந்த எண்ணெயையே பார்த்தார். பேரிங்கைத் தொட்டார், பெல்ட்டைத் தொட்டார், டைனமோவின் வயிற்றைத் தொட்டார். எல்லாம் சூடு. அம்மா கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். மில்லில் நெல் இறங்க இன்னும் இருபது நாளாவது இருந்தது. முடிந்தது என்றே நான் நினைத்தேன்.

"ஆமாத்தா" என்றார் அப்பா. "சூடாத்தான் போகுது. அப்ப அந்தச் சூட்டைச் சிந்தாமப் பிடிச்சு மறுபடி உள்ள விட்டுறணும். மில்லு பாய்லர்ல என்ன நடக்குது? சூட்டை வச்சுத்தானே நீராவி? சூட்டால வேலை நடக்கும்ல?"

பாடத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். விட்ட சூட்டைத் திரும்பப் பிடிக்க முடியுமா முடியாதா என்று பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. அம்மா கரண்டியை எறிந்துவிட்டு உள்ளே போனாள். அப்பா மறுநாள் பேரிங்கைச் சுற்றித் தகரப் பெட்டி அடிக்க ஆரம்பித்தார்.

தை பிறந்தது. முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பினார். "காச்சலாக் கெடக்காக" என்று அம்மா முதல் தடவை பொய் சொன்னாள். இரண்டாம் தடவை கொல்லையில் சம்மட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் அதையும் சொல்ல முடியவில்லை. மூன்றாம் வாரம் காரைக்குடியிலிருந்து வேறு பிட்டர் வந்துவிட்டார். அதன் பிறகு அப்பா சைக்கிள், கிரைண்டர் என்று கிடைத்ததைப் பழுது பார்த்தார். சக்கரத்தைப் பாய் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அன்று அவர் கேலி எதுவும் செய்யவில்லை. பரீட்சையில் அந்த விதி வந்தது, முழுதாக எழுதினேன், தேறினேன். பதினொன்றாவதில் அறிவியல் எடுத்துப் படிக்க ஆசையாக இருந்தது. ஆனால் பள்ளி திறந்த அன்று அம்மா என்னைத் தையல் கடைக்குத்தான் அழைத்துப் போனாள். முப்பது வருடத்துக்கு மேலாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது மில்லில் அந்த நீளத் தண்டு இல்லை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனி மோட்டார். கரண்ட் போனால் அடுத்த நொடி ஜெனரேட்டர் எடுத்துவிடுகிறது. கரண்ட் இல்லாமல் அரிசி விழும் அந்தக் கொஞ்ச நேரத்தை இனிமேல் யாரும் பார்க்க முடியாது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது; காரைக்குடியில் என்னோடுதான் இருக்கிறார். தானாகவே ஓடும் மோட்டார் என்று யார் யாரோ போடும் வீடியோக்களைப் போனில் பார்த்துவிட்டு, "பாத்தியா, ஒருத்தன் ஓட்டிட்டான்" என்று எனக்குக் காட்டுவது அவருக்கு வழக்கம்.

என் மகள் இந்த வருடம் பதினொன்றாவது. போன வாரம் அவள் இயற்பியல் புத்தகத்தைப் புரட்டியபோது அது கண்ணில் பட்டது. வெப்பத்தை வேலையாக மாற்றலாம், ஆனால் முழுவதையும் ஒருபோதும் மாற்ற முடியாது. ஒரு பகுதி வெளியே போய்த்தான் தீரும். அந்த மார்கழிக் காலைக்கான பதில் அச்சடித்தபடி அங்கே இருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இந்த முறை கையை உயர்த்தாமல் கடைசி வரைக்கும் கேட்டார்.

"இம்புட்டுத் தெளிவாப் போட்டிருக்கான்" என்றார். "இதை நீ அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மில்லுக்குப் போயிருப்பேன்ல ஆத்தா?"

"அப்பா, இது பதினொன்னாங் கிளாஸ் புத்தகம்" என்றேன். என் குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

"அதுக்கென்ன?" என்றார்.