பதினைந்தாவது ஆள்

ருஃபினோ பரேலா ஃப்ரெஸ்னோவில் ஊரார் கார்களை ஆசையாக ஓட்டிப் பார்த்தவன். திருப்பிக் கொடுக்கும் பழக்கம் மட்டும் கிடையாது. அதற்காகச் சிறைக்குப் போனவன், அங்கிருந்து காட்டுத்தீ அணைக்கும் கைதிகள் குழுவுக்கு வந்து சேர்ந்தான். ஒரு நாள் வேலைக்குத் தண்டனையில் இரண்டு நாள் கழியும். இப்போது பாக்கி ஒன்பதே நாள். அவன்மேல் ஒரு புகார் எழுதப்பட்டால் போதும், ஒன்பது நாள் மூன்று மாதமாகிவிடும்.

பதினாலு பேர் வரிசையில் அவன் கடைசி. முன்னால் போகிறவர்கள் ரம்பத்தால் புதரை வெட்டுவார்கள், பின்னால் வருகிறவர்கள் கொத்துவார்கள். தீ தாண்டாதபடி வெறும் மண் தெரிய ஒரு கோடாக வழித்துவிடுவது அவன் வேலை. அவன் வழித்த கோட்டில் ஒரு சருகு கிடக்காது. அதில் அவனுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அன்று கோடு ஒரு பிளம்ஸ் தோட்டத்தை ஒட்டி மலைச்சரிவில் ஏறிப் போனது. தோட்டக்காரக் கிழவர் ஓர்வில், கைதிகள் சட்டையைப் போலவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வேட்டைச் சட்டையோடு, மண்வெட்டியும் பழப்பையுமாக மேலேயிருந்து இறங்கி வந்தார்.

"என் மரத்துக்காகத்தானே வெட்டுறீங்க? நானும் வெட்டுறேன்."

"பெருசு, நாங்க வெளியாள்கிட்ட எதுவும் வாங்கக்கூடாது" என்றான் ருஃபினோ, வாங்கிக்கொண்டே.

பழம் எல்லார் கைக்கும் போனது; தின்றவர்கள் கொட்டையைப் பின்னால் எறிந்தார்கள். கிழவர் ருஃபினோவுக்கு முன்னால் நின்று கொத்த ஆரம்பித்தார்.

மேலே இளஞ்சிவப்பு நாடா கட்டி வழி குறித்துக்கொண்டிருந்த குழுவின் கேப்டன் ஹாஸ்கெட் இறங்கி வந்து, "எண்ணு!" என்றார்.

ஒன்று, இரண்டு என்று குரல் வரிசையில் இறங்கியது. பழைய பட்டாளத்துக்காரர் ஓர்வில், தன் முறை வந்ததும் கம்பீரமாக, "பதினாலு!" என்றார்.

"பதினஞ்சு" என்றது ருஃபினோவின் வாய், அவனைக் கேட்காமலே.

"ஆள் குறைஞ்சா என்ன பண்ணணும்னு ரூல் புக்குல நாலு பக்கம் எழுதி வச்சிருக்கான். கூடினா என்னடா பண்றது?" கேப்டன் கரி அப்பிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "யோவ் ஓர்வில்! அப்பவே வீட்டுக்குப் போகச் சொன்னேன்ல?"

பிறகு தரையைப் பார்த்தார். துடைத்துவைத்த மண்ணில் பத்தடிக்கு ஒரு பிளம்ஸ் கொட்டை பளபளத்தது. வேறு யார் வழித்திருந்தாலும் சருகோடு சருகாக மறைந்திருக்கும்.

கேப்டன் ருஃபினோ பக்கம் திரும்பினார்.

"கோட்டுல எரியிற பொருள் எதுவும் கிடக்கக்கூடாது. பொறுக்குடா. சாயங்காலம் உன்னைப் பத்தி எழுதுறேன்."

வரிசையில் முன்னால் நின்ற இன்னொரு கைதி டட்டில் சிரித்தான். "மூணு மாசம் எங்ககூடவே இரு மாப்ள."

ருஃபினோ கீழிருந்து குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டே ஏறினான். கோடு முடிந்தது. அதற்கும் மேலே, இன்னும் யாரும் வெட்டப் போகாத இடத்தில், இளஞ்சிவப்பு நாடாவுக்கு நேர் கீழே இன்னொரு கொட்டை கிடந்தது. ஈரம்கூடக் காயவில்லை.

இறங்கி வந்து அதை மட்டும் தனியாகக் கேப்டனிடம் நீட்டினான். "இது உங்க நாடாவுக்கு அடியில கிடந்துச்சு, கேப்டன்."

ஹாஸ்கெட் கொட்டையைப் பார்த்தார், ஓர்விலைப் பார்த்தார். கிழவர் வானத்தைப் பார்த்தார்.

"பதினாலு பேர். எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கேப்டன் கொட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "என்னடா பார்க்குற? பாக்கி ஒன்பது நாளும் ஒழுங்கா மண்ணை வழி."