மாமு வைக்காத நோன்புகள்

எனக்குப் பத்து வயதானபோது, ஒரு நாள் கூட விடாமல் முப்பது நோன்பும் வைக்கப்போகிறேன் என்று பேகம்பூரில் எங்கள் தெரு முழுக்க அறிவித்திருந்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொன்னேன். அதற்கு முந்தைய வருடங்களில் மத்தியானத்தோடு முடிகிற பிள்ளை நோன்புகள்தான் வைத்திருந்தேன். இந்த முறை பெரியவர்கள் கணக்கில் சேர்ந்துவிட வேண்டும் என்று இருந்தது.

அந்த வருடம் ரமலான் அரைப் பரீட்சை லீவில் வந்தது. மார்கழிக் குளிர், சின்னப் பகல். உண்மையில் நோன்பு அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஆனால் கஷ்டமாக இருப்பதுபோல நடந்துகொள்வதில் ஒரு சுகம் இருந்தது. மத்தியானம் சுவரோரமாகச் சாய்ந்துகொண்டு, யாராவது கடந்து போனால் மெல்லக் கண்ணை மூடுவேன். அத்தோடு தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் நானே நோன்பு இன்ஸ்பெக்டராகவும் ஆகியிருந்தேன். நாக்கை நீட்டச் சொல்லுவேன். வெள்ளையாக இருந்தால் நோன்பு. சிவப்பாக இருந்தால் எங்கேயோ தண்ணீர் குடித்துவிட்டார்கள் என்று தீர்ப்பு. இரண்டு பேரை அழவைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு மாடியறையில் மாமு இருந்தார். அம்மாவின் தம்பி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றி வரும் டெம்போ ஓட்டினார். என்னை மருமகளே என்றுதான் கூப்பிடுவார். ஆயக்குடிப் பக்கம் லோடு போனால் கொய்யாப்பழம் வாங்கி வருவார். பழத்தைச் சட்டைத்துணிக்குள் வைத்துக் காக்காக்கடி கடித்து ஒரு பாதியை எனக்குத் தருவார். தனியாக முழுப்பழம் கொடுத்தாலும் எனக்கு அந்தப் பாதிதான் வேண்டும்.

அந்த வருடம் மாமு மாறிவிட்டார். காக்காக்கடி கிடையாது. என்னைத் தூக்குவது கிடையாது. மடியில் போய் உட்கார்ந்தால், "தள்ளி ஒக்காரு மருமகளே, வேர்வை நாத்தம்" என்று நகர்த்தி வைப்பார். தனக்கென்று ஒரு தட்டு, ஒரு தம்ளர் வாங்கிக்கொண்டு வந்து, அதைத் தானே கழுவி மாடியிலேயே வைத்துக்கொண்டார். அம்மாவிடம் கேட்டேன். "கல்யாணம் ஆகப் போறவன்ல. பெரிய மனுசனாயிட்டாரு தொரை" என்று அம்மா சிரித்தாள். வத்தலக்குண்டில் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெருநாள் கழிந்ததும் நிக்காஹ். கல்யாணம் என்றால் மனிதர்கள் இப்படித்தான் கருமியாகிவிடுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நோன்பு மாதத்தில் ஏழெட்டு ஏழை வீடுகளுக்கு என் அத்தா, அதாவது அப்பா, அரிசி கொடுப்பார். ஆத்தூரில் தெரிந்த விவசாயி ஒருவரிடமிருந்து மூட்டையாக வாங்குவது வழக்கம். பதினோராவது நோன்பன்று அதை எடுத்துவர மாமு டெம்போவில் கிளம்பினார். நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்டேன்.

அரிசியை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது உச்சிப்பொழுது. ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் மாமு வண்டியை நிறுத்தினார். "செத்த நேரம் இரு. எறங்காத. இந்தா வந்துர்றேன்" என்றார்.

செத்த நேரம் நீண்டுகொண்டே போனது. சாம்பார் வாசனை வேறு. நோன்பாளியின் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. இறங்கிப் போய்த் தட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

மாமு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாழை இலையில் சோறு, பக்கத்தில் முட்டை. அவசரம் ஏதுமில்லாமல், வீட்டில் சாப்பிடுவதுபோலவே பிசைந்து பிசைந்து சாப்பிட்டார். அவருக்கு எதிரே இன்னொரு இலையில் ஒரு கிழவர். நெற்றியில் திருநீறு, மேலில் அழுக்குத் துண்டு. கடைக்காரர் குழம்பு வாளியோடு வந்து, "தெனமும் இம்புட்டுத்தான் திங்கிறீக பாய். இன்னுங் கொஞ்சம் போடுறேன்" என்றார்.

தினமும்! அன்றைக்கு விடியும் முன்பு எங்கள் எல்லோரோடும் உட்கார்ந்து சஹர் சாப்பிட்டவர் இவர். ஒவ்வொரு சாயங்காலமும் பாங்குச் சத்தம் கேட்டதும் எங்களோடு பேரீச்சம்பழம் எடுப்பவர். நான் தெருவில் நாக்கு பார்த்துக்கொண்டிருக்க, என் வீட்டு மாடியிலேயே ஒரு கள்ளன்.

மாமு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பதறவில்லை. கையைக் கூட எடுக்கவில்லை.

"பாத்துட்டியா?"

"நீங்க நோன்பு இல்லியா?"

"இல்ல."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட வைக்கல மருமகளே."

அவர் கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். யாரிடமும் சொல்லாதே, பெருநாளைக்கு வளையல் வாங்கித் தருகிறேன் என்பார், நான் மறுத்துவிட வேண்டும் என்று அதற்குள் முடிவும் செய்துவிட்டேன். மாமு எழுந்து கை கழுவி, கிழவரின் இலைக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தார். என் உயரத்துக்குக் குனிந்தார். ஆனால் வழக்கம்போலப் பக்கத்தில் வரவில்லை, ஓரடி தள்ளியே நின்றார்.

"நீயாப் போயி சொல்லணும்னு இல்ல. ஆனா யாராச்சும் கேட்டா பொய் சொல்லாத. நோன்பு வச்சிக்கிட்டு பொய் சொல்லக் கூடாதுல்ல?"

இதையும் அவரே சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

நான்கு நாள் அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு திரிந்தேன். பசியை விட அது கஷ்டமாக இருந்தது. பதினைந்தாவது நோன்புக்கு வத்தலக்குண்டிலிருந்து பெண்ணின் அத்தாவும் அவருடைய தம்பியும் நோன்பு திறக்க வந்தார்கள். அம்மா காலையிலிருந்தே அடுப்படியில் நின்றாள். சமோசா, வாழைக்காய் பஜ்ஜி, ரோஸ் நிறத்தில் கடற்பாசி இனிப்பு. பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளி நிறையக் கஞ்சி வந்திருந்தது. கூடத்தில் விரிப்பு விரித்து எல்லாவற்றையும் பரப்பிவிட்டு, பாங்குக்காகக் காத்திருந்தோம். மாமு வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

பெண்ணின் அத்தா நல்ல மனிதர். தாடியெல்லாம் நரைத்து, சிரித்த முகமாக இருந்தார். பேரீச்சம்பழத் தட்டைக் கொண்டுபோன என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"எத்தன நோன்பு வச்சிருக்க தாயி?"

"பதினஞ்சும் வச்சிருக்கேன்."

"மாஷா அல்லாஹ். அப்ப ஒங்க மாமு ஒன்னையவிடக் கூடவா, கொறச்சலா?"

அது விளையாட்டுக்குக் கேட்டது. நான் மாமுவைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை அசைக்கவில்லை, கண்ணைக் காட்டவில்லை.

"மாமு ஒண்ணு கூட வைக்கல. கடையில சோறு சாப்புடுறாரு. நான் பாத்தேன்."

அடுப்படி வாசலிலிருந்து அம்மா அவசரமாகச் சிரித்தாள். "இவ ஒருத்தி. தூக்கத்துல எதையாச்சும் கண்டுட்டு..."

"இல்லக்கா" என்றார் மாமு. "புள்ள பொய் சொல்லல. நான் நோன்பு வைக்கிறதில்ல."

அந்த நேரம் பார்த்துப் பாங்கு சொன்னார்கள். எல்லோரும் பேரீச்சம்பழத்தை எடுத்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கஞ்சி குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பெண்ணின் அத்தா தொழுதுவிட்டு, அம்மா செய்த பலகாரங்களில் ஒன்றைக் கூடக் கடிக்காமல், "அப்ப வாரோம்" என்று எழுந்துகொண்டார். மூன்று நாள் கழித்து ஆள் மூலம் செய்தி வந்தது. அல்லாஹ்வுக்குப் பயப்படாதவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று.

அம்மா என்னை அடித்தாள். நோன்பு நேரம் என்றும் பார்க்கவில்லை. முதுகில் இரண்டு, கன்னத்தில் ஒன்று. மாமு மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவள அடிக்காதக்கா. நான்தான் பொய் சொல்லாதன்னு சொல்லி வச்சேன்."

"நீ மனுசன்தானா? ஒரு மாசம் பல்லக் கடிச்சிக்கிட்டு நோன்பு வச்சா செத்தா போயிருவ?" என்று அம்மா கத்தினாள். மாமு மாடிக்குப் போய்விட்டார். அத்தா அவரோடு பெருநாள் வரைக்கும் பேசவில்லை. பள்ளிவாசலில் ஆட்கள் அவருக்குச் சலாம் சொல்வதைக் குறைத்துக்கொண்டார்கள். எனக்கு வலித்தாலும், உள்ளுக்குள் ஒரு நிமிர்வு இருந்தது. உண்மை பேசி அடி வாங்கியவள் அல்லவா. அந்த முப்பது நோன்பையும் ஒன்று விடாமல் முடித்தேன்.

பெருநாள் கழிந்து பத்து நாள் இருக்கும். மாமு லோடுக்குப் போயிருந்தபோது, அம்மா மாடியறையைப் பெருக்கப் போனாள். பாயைச் சுருட்டியபோது அடியில் மாத்திரை அட்டைகளும், பெரியாஸ்பத்திரிச் சீட்டும் இருந்தன. அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரிந்தது. மாமு வந்ததும் அவரை உட்காரவைத்து அவள் கேட்டதையும், அவர் சொன்னதையும் நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாமுவுக்குக் காசநோய். மழைக்காலத்திலிருந்தே இருமலாம். மாத்திரை சாப்பிடும்போது வெறும் வயிற்றில் இருக்கக் கூடாது, நோன்பு இந்த வருடம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"எங்கிட்டச் சொன்னா என்னடா? நான் யாரு?"

"சொன்னா நீ மச்சான்கிட்டச் சொல்லுவ. தெருவுக்குத் தெரியும். டிபி உள்ள வீடுன்னு ஒரு பய தண்ணி குடிக்க வருவானா? நாளைக்கி ஒம் மகள யாரு கேட்டு வருவா?"

"அதுக்காக?"

"கல்யாணத்த நிறுத்தணும்ல. நானா வேண்டாம்னு சொன்னா அந்தப் புள்ள மேல என்ன கொறையோன்னு பேசுவாக. சீக்க மறச்சுக் கட்டிக்கிட்டா அதுக்கும் ஒட்டிக்கும். அவுகளா வேண்டாம்னு சொல்லணும். குத்தம் எம்மேல இருக்கணும். அம்புட்டுத்தான்."

அம்மா அழுதாள். நான் அழவில்லை. மாமு நோயாளி என்பது மட்டும்தான் அப்போது எனக்குப் புரிந்தது. அன்றைக்கு என்னையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு, அந்தக் கடை முன்னால் நிறுத்திவிட்டு, இறங்காதே என்று சொன்னால் நான் இறங்கத்தான் செய்வேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதெல்லாம் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் திடீரென்று உறைத்தது.

மாமு பிழைத்துக்கொண்டார். அம்மா தினமும் முட்டையும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுத்தாள். பல மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்ததும், நோய் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த வாரங்களில், திங்களும் வியாழனுமாக, விட்டுப்போன நோன்புகள் அத்தனையையும் திருப்பி வைத்தார். பள்ளி விடுமுறை நாட்களில் துணைக்கு நானும் வைத்தேன். இரண்டு வருடம் கழித்து அவருக்குக் கல்யாணம் நடந்தது. வத்தலக்குண்டுப் பெண்ணை அதற்கு முன்பே பழனிப் பக்கம் கொடுத்திருந்தார்கள். பெண்ணின் அத்தாவுக்கு உண்மை தெரியவே தெரியாது. தெரியப்படுத்த வேண்டாம் என்று மாமு சத்தியம் வாங்கியிருந்தார்.

என் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு ரமலானுக்குச் சற்று முன்பு எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. நோன்பு வைக்க முடியாது. என்னைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்திருந்தாள். கட்டிலில் படுத்தபடியே, "நோன்பு போறதுக்குப் பதிலா தெனமும் ஒரு ஏழைக்குச் சோறு குடுத்துர்றேன்மா. மாமு அப்ப ஒரு பெரியவருக்கு வாங்கிக் குடுத்தாருல்ல, அது மாதிரி" என்றேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. "நீ எதுக்குக் குடுக்கணும்? ஒடம்பு தேறுனதும் விட்டத களாவாத் திருப்பி வையி. நோன்புக்குப் பதிலாச் சோறு குடுக்குறது, இனி எந்திரிக்கவே மாட்டோம்னு இருக்கவுகளுக்குத்தான்."

"மாமுக்கு அது தெரியாதா?"

"தெரியாம என்ன. பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டுருக்கான். அவரும் இதத்தான் சொன்னாராம், நல்லானதும் வச்சுக்கப்பான்னு. 'இல்ல ஹஜ்ரத், எதுக்கும் குடுத்துர்றேன்'னுட்டு வந்துட்டானாம்."

அம்மா கீரைத் தண்டுகளை அள்ளிக்கொண்டு எழுந்து போனாள். நான் படுத்துக்கிடந்தேன். அன்று அந்தச் சாப்பாட்டுக் கடையிலிருந்து வீடு வரும் வழி முழுக்க, நோன்பில்லாத ஒருவரோடு பேசுவது பாவம் என்று முடிவு செய்து, நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். மாமு என்னைச் சிரிக்கவைக்க என்னவெல்லாமோ செய்து பார்த்தார். வாத்துக் கூட்டம் சாலையைக் கடந்தபோது வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு வாத்துக்கும் எங்கள் தெருக்காரர் பெயர் ஒன்றை வைத்தார். நான் திரும்பவில்லை. கடைசி வாத்து போன பிறகும் அவர் வண்டியை எடுக்காமல், குளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சீக்கிரம் போகலாம் என்று நான் அதட்டினேன்.

அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.