பிள்ளை மடுவத்தில் வாசித்த இரகசிய எண்

இரண்டு வருடங்களுக்கு முன், மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரம். பெல்மதுளையில் பஸ் ஏறி, இறங்கி, பிறகு ஆட்டோவிலும் கொஞ்சம் மேலே ஏறினால் வருகிற எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில்தான் அது நடந்தது. அந்தத் தொழிற்சாலை ஆபீசில் நான் கிளார்க். தொழிலாளர் குடியிருக்கிற எங்கள் லயத்திலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண் என்பதால் வீட்டில் என்னைவிட என் வேலைக்குத்தான் மரியாதை அதிகம். ஆனால் அது ஒப்பந்த வேலை. அந்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பார்களா, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்று தெரியாது.

கொழும்புத் தலைமை அலுவலகம் அப்போதுதான் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்திருந்தது. முன்பெல்லாம் எங்கள் கம்பெனி கம்ப்யூட்டருக்கு ஒரு பாஸ்வேர்ட், தேயிலையை ஏலத்தில் விற்றுத் தருகிற புரோக்கர் கம்பெனிக்கு ஒன்று, களஞ்சியத்துக்கு ஒன்று என்று இருக்கும். எல்லாவற்றையும் துண்டுத்தாளில் எழுதித் திரையின் ஓரத்திலேயே ஒட்டி வைத்திருப்போம். இனி ஆளுக்கு ஒரு லொகின், அது ஒன்றே எல்லா இடத்தையும் திறக்கும் என்றார்கள். ஆனால் உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் நம் போனுக்கு ஒரு இரகசிய எண் மெசேஜில் வரும். அதையும் அடித்தால்தான் கதவு திறக்கும். நல்ல ஏற்பாடுதான், கொழும்பில் உட்கார்ந்து பார்த்தால்.

எங்கள் தொழிற்சாலையோ பள்ளத்தில் இருக்கிறது. அங்கே சிக்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிடைக்கிற ஒரே இடம் மேலே, கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற பிள்ளை மடுவம். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அக்காவிடம் காலையிலேயே என் போனைக் கொடுத்துவிட்டு வருவேன். எண் வந்ததும் அவர் இடுப்பில் ஒரு குழந்தையோடு வாசலுக்கு வந்து மலையே அதிரக் கூவுவார்.

“தங்கச்சி! நாலு, ஒம்போது, ஒம்போது, ரெண்டு, ஏழு, ஒண்ணு!”

பக்கத்து மலையில் நிற்கிற பெண்கள் சும்மா இருப்பார்களா? எனக்குக் கேட்காமல் போய்விடக்கூடாதே என்று அவர்களும் சேர்ந்து ஒரு தடவை கூவுவார்கள். கம்பெனி இரகசியம் என்று சொன்னது எங்கள் தோட்டத்தில் கொழுந்துக் கூடைக்குக்கூடத் தெரியும். அதில் தப்பிருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

லொகினில் ஏதாவது கோளாறு என்றால் கொழும்பில் உள்ள உதவிப் பிரிவுக்குப் பேச வேண்டும். அதையும் அந்த மடுவத்து வாசலில் நின்றுதான் பேசுவேன். பெரும்பாலும் ஒரு சிங்கள அக்காதான் எடுப்பார். நான் வாயைத் திறந்ததும் பின்னால் இரண்டு குழந்தையாவது வீரிட்டு அழும். ஏசி அறைக்குள் இருக்கிறவர் என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று வெட்கம் பிடுங்கித் தின்னும்.

நான் சொல்ல வந்த அந்த நாள், ஏலப் பட்டியலில் எங்கள் தேயிலையைச் சேர்ப்பதற்குக் கடைசி நாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எதுவுமே திறக்கவில்லை. கம்பெனி பக்கமும் இல்லை, புரோக்கர் பக்கமும் இல்லை. உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது என்று சிவப்பில் ஒரு வரி மட்டும். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா தலைக்கு மேலே வந்து நின்றுகொண்டார்.

“இன்னைக்குப் போகலன்னா இந்த ஏலம் போச்சு புள்ள. பெரியதொரைக்கு நான் என்னா பதில் சொல்றது?”

குடையைக்கூட எடுக்காமல் மடுவத்துக்கு ஓடினேன். மழைச் சத்தத்தில் காது கேட்காதென்று ஸ்பீக்கரில் போட்டு உதவிப் பிரிவை அழைத்தேன். நல்லவேளை, அதே அக்கா. பெயரையும் சேவை இலக்கத்தையும் சிங்களத்தில் சொன்னேன். எப்போதும் “சொல்லுங்க நங்கி” என்று தங்கையைப் போலப் பேசுகிறவருடைய குரல் அன்று கல்லாக இருந்தது.

“அந்த லொகினைப் பூட்டினதே நான்தான். இப்ப திறக்க முடியாது.”

“மிஸ், இன்னைக்குக் கடைசி நாள். என் வேலையே போயிரும் மிஸ்.”

“முடியாது. காலையில ஒருத்தங்க இதே பேரு, இதே இலக்கம் சொல்லித்தான் பேசினாங்க. போனுக்கு அனுப்பின எண்ணையும் சரியாச் சொன்னாங்க. நீங்க அவங்க இல்லன்னு நான் எப்படி நம்புறது?”

பக்கத்தில் நின்ற மடுவத்து அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. “தங்கச்சி, காலையில யாரோ ஒரு நோனாம்மா போன் பண்ணாங்க. கொழும்பு ஆபீஸாம். ஒரு நம்பர் வரும், வாசிங்கன்னாங்க. நானும் வாசிச்சேனே...” என்றார். பாவம், எண் வந்தால் வாசிப்பது அவர் வழக்கம். யாருக்கு வாசிக்கிறோம் என்று பார்க்கும்படி நாங்கள் யாரும் சொன்னதில்லை.

கொழும்பு அக்கா அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். காலையில் பேசிய பெண், தன் போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாகவும், இனி வேறொரு நம்பருக்கு எண் அனுப்பும்படியும், பாஸ்வேர்டையும் மாற்றித் தரும்படியும் கேட்டிருக்கிறாள். சொன்ன விவரம் எல்லாம் சரி. ஆனால் அந்தப் பக்கம் ஒரே அமைதி. இவருக்கு அதுதான் உறுத்தியிருக்கிறது. “இன்னைக்குப் பிள்ளைகள் தூங்கிட்டாங்களா?” என்று சும்மா கேட்டிருக்கிறார். “எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல்ல மிஸ்” என்று பதில் வந்திருக்கிறது. அவ்வளவுதான், அந்த நிமிடமே எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்.

“ஆனா இப்பவும் உங்க பக்கம் பிள்ளைங்க சத்தமே இல்லையே” என்றார்.

இருக்காதே! சாப்பாடு முடிந்து எல்லாக் குழந்தைகளும் தூங்குகிற நேரம். மற்ற நாளெல்லாம் வாயை மூடாதவர்கள் அன்று பார்த்துத் தேவதூதர்களைப் போலப் படுத்திருந்தார்கள். மடுவத்து அக்காவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. என் முகத்தைப் பார்த்தார், உள்ளே போனார், இருப்பதிலேயே சின்னவனைத் தொட்டிலிலிருந்து பொசுக்கென்று தூக்கினார். அவன் போட்ட கூச்சலில் மற்றவர்களும் எழுந்து ஒப்பாரி வைத்தார்கள்.

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. “ஹரி ஹரி... சரி நங்கி, இது நீங்கதான். ஆனா என் காதுக்குப் போதும், கம்பெனிக்குப் போதாது. உங்க தொரை ஆபீசுக்குப் போங்க. அந்த லைனுக்கு நானே கூப்பிடுறேன். அவர் உங்களை நேர்ல பாத்து உறுதி சொன்னாத் திறப்பேன்.”

நனைந்த கோழியாகத் தோட்ட மனேஜரான பெரிய துரை முன்னால் போய் நின்றேன். போன் மணி அடித்தது. அவரும் ஸ்பீக்கரில் போட்டார். கொழும்பு அக்கா நடக்கவிருந்ததைச் சொன்னார். என் லொகினுக்குள்தான் எங்களுக்குக் கொழுந்து விற்கிற சிறு தோட்டக்காரர்களின் வங்கிக் கணக்கு விவரமெல்லாம் இருக்கிறது. அந்தப் பெண் உள்ளே வந்திருந்தால் அத்தனையையும் தன் கணக்குக்கு மாற்றியிருக்கலாம். மாற்றியது யார் என்று பார்த்தால் என் பெயர்தான் நின்றிருக்கும். துரை என்னை நிமிர்ந்து பார்த்து, “அந்த நம்பரை வெளியே கொடுத்தது யார்?” என்றார்.

மடுவத்து அக்காவின் பெயரை எப்படிச் சொல்வேன்? சொல்லாமல்தான் எப்படி இருப்பேன்? அதற்குள் போனிலிருந்து பதில் வந்துவிட்டது.

“சேர், சிக்னலே இல்லாத இடத்துக்குப் போன்ல எண் அனுப்புற ஏற்பாட்டைச் செஞ்சது நாங்க. ஆளுக்கு ஆள் வாசிச்சுக் காட்டாம அங்க வேலை நடக்காது. பிழை எங்க பக்கம். அறிக்கையிலயும் அப்படித்தான் எழுதப்போறேன்.”

கொழும்பில் ஒருவர், என்னை ஒருநாளும் பார்த்திராதவர், எனக்காகத் துரையிடம் பேசுகிறார்! அங்கேயே அழுதுவிட்டேன். துரை முகம் துடைக்கத் தன் துவாயை எடுத்து நீட்டினார்.

வந்திருப்பது நான்தான் என்று துரை உறுதி சொன்னதும் லொகின் திறந்தது. பட்டியல் மூடுவதற்குள் தேயிலையைச் சேர்த்துவிட்டேன். கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து சாவிக் கொத்தில் மாட்டுகிற ஒரு சின்னக் கருவி வந்தது. சிக்னல் இல்லாமலே அதில் எண் தெரியும், எனக்கு மட்டும். கூவ வேலையில்லாமல் போன வருத்தம் கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு இன்னும் தீரவில்லை. மாதக் கடைசியில் என் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். மடுவத்து அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கொழும்பு அக்காவுக்கு நன்றி சொல்லப் பேசியபோது, நல்ல தேயிலையாக ஒரு பெக்கட் அனுப்புகிறேன், வீட்டு முகவரி சொல்லுங்கள் என்றேன். “அதெல்லாம் போன்ல சொல்றதா நங்கி?” என்று சிரித்தார். அவர் புத்தரை வணங்கப் பன்சலைக்குப் போகிறவர், நான் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டாருக்காக மன்றாடும்போது அவர் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நான் கெஞ்சியதும் மனமிரங்கி அன்று அவர் திறந்துவிட்டிருந்தால், நல்ல மனுஷி என்று சொல்லிவிட்டு மறந்திருப்பேன். முதலில் பட்டென்று முடியாது என்று சொல்லிவிட்டு, பிறகு கடைசிவரை என் பக்கமே நின்றாரே, அதனால்தான் என் பெயரை இன்றும் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ள முடிகிறது.